இரவல் கை

சுடுதண்ணி மறுபடியும் தோற்றுப்போனாள்.

அவளுடைய பெயர் அதுவல்ல. காலில் சுடுதண்ணீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி எப்போதும் பறப்பாள் என்பதால் வீட்டில் வைத்த பட்டப்பெயர். அது எப்படியோ மாடிப்படி ஏறி, செஸ் கழகத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.

கழகம் இருந்தது ஒரு சைக்கிள் கடையின் மாடியில். கடைக்காரரான சைக்கிள் அக்காதான் அதை நடத்தினார். சனிக்கிழமை மத்தியானம் பஞ்சர் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே மேலே வருவார். ஒரு பழைய சைக்கிள் பெல்லை எடுத்து 'டிரிங்' என்று அடிப்பார். ஆட்டம் ஆரம்பம்.

புதிதாக வருகிறவர்கள் பாயில் உட்கார்ந்து ஆட வேண்டும். தேறினால் மேசைக்கு வரலாம். மேசைகள் மூன்று. மேசைக்கு இரண்டு இடம். உங்களுக்கு மேலே இருப்பவரைத் தோற்கடித்தால் அவர் இடம் உங்களுக்கு. அவ்வளவுதான் சட்டம்.

சுடுதண்ணி பாயிலிருந்து மூன்றாவது மேசைக்கு வந்த வேகத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஐந்தாவது இடம்! அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. டியூபில் ஒட்டிய பட்டை மாதிரி அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

காரணம், நான்காவது இடத்துக்காரன். அவன் வாயையும் திறக்க மாட்டான். அவன் ஆட்டத்தையும் யாராலும் திறக்க முடியாது. அதனால் அவன் பெயர் பூட்டு.

பூட்டை உடைக்க அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். அப்பாவின் போனில் புதுப்புது தந்திரங்களைப் பார்த்து மனப்பாடம் செய்தாள். பல் தேய்க்கும்போதுகூட ஒரு ஆட்டம் ஆடினாள். கடைசியில் ஹேர்பேண்டையும் மாற்றினாள்.

"பச்சை ராசியில்லம்மா. சிவப்பு எங்கே?"

தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் அம்மா கேட்டார்: "செஸ் ஆடறது நீயா, ஹேர்பேண்டா?"

சிவப்பும் தோற்றது.

விடுமுறை முடிகிற வாரம் பக்கத்து ஊர்க் கழகத்தோடு போட்டி. முதல் நான்கு பேர் ஆடுவார்கள். ஐந்தாவது ஆள் மாற்று ஆள். போன வருஷம் அவள்தான் மாற்று ஆள். யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, யாருக்கும் வயிற்றுவலியும் வரவில்லை. அவள் எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் சுமந்துகொண்டு நாள் முழுக்க அலைந்தாள். ஒரு சிப்பாயைக்கூடத் தொடவில்லை.

"இந்த வருஷம் ஆடப் போறேன். பாட்டில் தூக்க மாட்டேன்" என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பெல் அடித்த பிறகு பூட்டு வந்தான். வந்தவனைப் பார்த்து மாடியே எழுந்து நின்றது.

வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் விரல்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய துணிக்கட்டு. பார்க்கக் குத்துச்சண்டை வீரன் மாதிரி இருந்தான்.

"ஈர ரோட்டுல சைக்கிள் வழுக்கிடுச்சு" என்றான் பூட்டு.

"என் கடையில வாங்கின சைக்கிள் இல்லை அது. இப்பவே சொல்லிட்டேன்!" என்றார் சைக்கிள் அக்கா. பிறகு அருகில் போய் அவன் தலையைத் தடவினார். "வலிக்குதாடா?"

"இல்லைக்கா. ஆடலாம்னு வந்தேன்."

உட்கார்ந்தான். முழங்கையால் ஒரு சிப்பாயைத் தள்ளிப் பார்த்தான். சிப்பாய் போனது. கூடவே குதிரை, யானை, ராணி எல்லாம் போய்த் தரையில் உருண்டன. பாயில் இருந்த பொடிசுகள் கொல்லென்று சிரித்தார்கள். பூட்டும் சிரிக்கப் பார்த்தான். ஆனால் அவன் காது மடல்கள் சிவந்துவிட்டன.

ஒரு சனிக்கிழமை ஆடாவிட்டால் இடம் ஒன்று இறங்கும். அதுவும் சட்டம். அதாவது அவன் ஐந்து. அவள் நான்கு. ஒரு காயைக்கூட நகர்த்தாமல்!

சுடுதண்ணியின் மனசு ஒரு குதி குதித்தது. அப்புறம் அவள் அந்தச் சிவந்த காதுகளைப் பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தாயிற்று.

"அக்கா, அவன் சொல்லட்டும், நான் காயை வைக்கறேன். என் கையை இரவல் வாங்கிக்கட்டும்."

"உன் ஆட்டம்?"

"அது அப்புறம் ஆடிக்கறேன்."

பூட்டு அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். "நெஜமாவா? ரொம்ப தேங்க்ஸ்" என்றான். அவன் அவளிடம் சேர்ந்தாற்போல இத்தனை வார்த்தை பேசியது அதுதான் முதல் முறை.

எதிரே மூன்றாவது இடத்துக்காரன் நெட்டை. ஆட்டம் பாதிக்கு வந்தபோது அவன் குதிரையை நகர்த்தினான். அது நகர்ந்த உடனே சுடுதண்ணியின் கை தானாகப் பறந்து பூட்டின் யானையைப் பிடித்தது.

"தொட்டாச்சு! தொட்டா நகர்த்தணும்!" என்று கத்தினான் நெட்டை.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே" என்றான் பூட்டு.

சைக்கிள் அக்கா தலையைச் சொறிந்தார். "இரவல் கையா இருந்தாலும் கை கைதானே. நகர்த்தணும்டா."

யானை நகர்ந்தது. அது போக முடிந்த ஒரே கட்டத்தின்மேல் நெட்டையின் குதிரை கண் வைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது.

சுடுதண்ணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுடைய ஆட்டமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்தவன் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டாள்!

"சாரி. என் கைக்கு அறிவே இல்லை."

பூட்டு யோசித்துச் சொன்னான்: "அறிவெல்லாம் இருக்கு. அவசரம்தான் ஜாஸ்தி. அடுத்த வாரம் அதும்மேல உட்கார்ந்துக்கோயேன்."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். சுடுதண்ணி அதை நிஜமாகவே செய்தாள். அடுத்த சனிக்கிழமை இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டாள். அவன் வாயைத் திறந்து சொன்னால் மட்டும் ஒரு கை வெளியே வரும், காயை வைக்கும், திரும்பிப் போய்விடும்.

கைக்கு வேலை இல்லாததால் கண்ணுக்கு வேலை வந்தது. பூட்டு அவ்வளவு நேரம் எதைத்தான் பார்க்கிறான் என்று கவனித்தாள். அவன் தன் காய்களைப் பார்க்கவே இல்லை! எதிராளி கடைசியாக வைத்த காயையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்தான். அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"இது எதுக்கு இங்கே வந்துச்சு?"

அதையேதான் ஒவ்வொரு முறையும் கேட்டான். ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தாலும், வீட்டுக்கு வந்த விருந்தாளியை விசாரிப்பது போல, "இது எதுக்கு இங்கே வந்துச்சு?"

சுடுதண்ணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் இதுவரை ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. எதிராளி காயை வைக்கும்போது அவள் அடுத்த தந்திரத்தை யோசித்துக்கொண்டிருப்பாள். எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதே, 'செக்' என்று சொல்லும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வரும்!

அன்று முதல் அவளும் மனசுக்குள் கேட்க ஆரம்பித்தாள். பதிலைக் கண்டுபிடித்துவிட்டு, பூட்டு என்ன சொல்கிறான் என்று காத்திருந்தாள். பல முறை தப்பாகப் போனது. சில முறை சரியாக இருந்தது. சரியாக இருந்தபோது, ஆட்டம் அவனுடையது என்றாலும், அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

வீட்டிலும் பழக்கம் தொற்றிக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தபோது கைகள் தொடைக்கு அடியில் போய்விட்டன.

"என்னடி இது புதுசா?" என்றார் அம்மா.

"பயிற்சிம்மா."

தம்பி உடனே தன் கைகளின்மேல் உட்கார்ந்தான். "எனக்கும் பயிற்சி. ஊட்டி விடு!"

தன்னுடைய ஆட்டங்களில் அவள் ஜெயிக்க ஆரம்பித்தாள் என்று சொல்ல ஆசைதான். உடனே அப்படி நடக்கவில்லை. யோசிக்கப் பழகியதில் நேரம் போதாமல், இடத்துக்காக இல்லாமல் சும்மா ஆடிய ஓர் ஆட்டத்தில் பாய்க்காரப் பொடிசு ஒன்றிடம்கூடத் தோற்றாள். ஆனால் எதனால் தோற்றாள் என்று இப்போது அவளால் சொல்ல முடிந்தது. முன்பெல்லாம் ஹேர்பேண்டைத்தான் சொல்லுவாள்.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை வந்தது. ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி.

"நான் நாலாவது இடத்துக்கு ஆடறேன்" என்றாள் சுடுதண்ணி.

சைக்கிள் அக்கா கேட்டார்: "அப்போ பூட்டுக்கு யாரு காய் வைப்பாங்க?"

"நானே வைக்கறேன்" என்று அவள் சொன்னாள். "அவனுக்குச் சம்மதம்னா."

"அவளே வைக்கட்டும்" என்றான் பூட்டு. "அவ கை எனக்குப் பழகிடுச்சு."

இப்படி ஓர் ஆட்டத்தை அந்த மாடி பார்த்ததே இல்லை. பாயிலிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். சுடுதண்ணி தன் காயை வைப்பாள். பூட்டு யோசித்துச் சொல்லுவான். அவளே அவன் காயையும் வைப்பாள். தன் சிப்பாயைத் தானே வெட்டி ஓரமாக வைத்தாள்.

"பாவம்! அவளே அவளை வெட்டிக்கறா!" என்றது ஒரு பொடிசு.

நெடுநேரம் இழுபறி. அப்போது பூட்டு சொன்னான்: "என் குதிரையை அங்கே வை. உன் யானைக்கு நேரா."

அவள் வைத்தாள். வைத்துவிட்டுப் பார்த்தாள். குதிரைக்குக் காவலே இல்லை! யானையால் ஒரே வெட்டு. பழைய சுடுதண்ணியாக இருந்தால் இந்நேரம் குதிரை டப்பாவுக்குள் போயிருக்கும்.

கைகள் தொடைக்கு அடியில் துடித்தன. அவள் அழுத்தி உட்கார்ந்தாள்.

இது எதுக்கு இங்கே வந்துச்சு?

பூட்டு சும்மா ஒரு குதிரையைத் தருகிறவன் இல்லை. அவன் கண்ணாலேயே பலகையைப் பார்த்தாள். அவளுடைய ராஜா கடைசி வரிசையில், தன் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால், மூச்சுவிட இடமில்லாமல் இருந்தார். அந்த வரிசைக்கு ஒரே காவல் அவளுடைய யானை. அது குதிரையை வெட்டப் போனால் பூட்டின் யானை நேராக உள்ளே வந்துவிடும். மேட்!

அவள் குதிரையை விட்டுவிட்டு, ராஜாவுக்கு முன்னால் இருந்த ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினாள். ராஜாவுக்கு ஒரு ஜன்னல் திறந்தது.

பூட்டு நிமிர்ந்தான். பலகையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இனி அவள் யானை தைரியமாகக் கிளம்பலாம். அவன் குதிரைக்கோ திரும்பிப் போக வழியில்லை. தாவக்கூடிய எல்லாக் கட்டங்களிலும் அவளுடைய காய்கள் கண் வைத்திருந்தன.

"நீ எப்போலேர்ந்து இப்படி?" என்றான் மெதுவாக.

"உன் பக்கத்துல உட்கார்ந்ததிலேர்ந்து."

குதிரை போனது. கொஞ்ச நேரத்தில் அவன் யானையும் போனது. கடைசியில் பூட்டு பெருமூச்சு விட்டான். "போதும். என் ராஜாவைச் சாய்ச்சிடு."

அதற்கு மட்டும் அவள் கை வரவில்லை. இத்தனை வாரம் பாதுகாத்த ராஜா அல்லவா! அக்கா தலையசைத்த பிறகு, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல அவரைப் படுக்க வைத்தாள்.

மாடி அதிர்ந்தது. சைக்கிள் அக்கா பெல்லை நிறுத்தாமல் அடித்தார். கீழே கடையில் யாரோ, "வழி விடறோம்மா, வழி விடறோம்!" என்று குரல் கொடுத்தார்கள்.

சுடுதண்ணிக்குச் சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்து வந்தன. "உன் இடத்தை வாங்கிட்டேனே."

"நீ கை கொடுக்கலேன்னா அது அன்னைக்கே போயிருக்கும்" என்றான் பூட்டு. "இத்தனை சனிக்கிழமை நான் ஆடினது உன்னாலதான்."

"நான் இன்னைக்கு ஆடினது உன்னாலதான். தேங்க்ஸ். ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்."

"சரி சரி, மாத்தி மாத்திச் சொன்னது போதும்" என்றார் சைக்கிள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. கண்ணோரத்தில் கறுப்பாகக் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. "பூட்டு, நீதான் இந்த வருஷம் மாற்று ஆள். கூட வரணும்."

பூட்டு தன் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினான். "வரேன்கா. ஆனா பாட்டிலை எப்படித் தூக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

போட்டி நாளன்று காலை, நான்காவது இடத்து ஆட்டக்காரி எல்லோருக்கும் முன்னால் கடை வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் இரண்டு, தோளில் இரண்டு, கையில் ஒன்று என்று தண்ணீர் பாட்டில்கள் தொங்கின. அவை அன்று கனக்கவே இல்லை.