பூஜ்யம் போட்ட பதிவுகள்

பெர்த் நகரில் அன்று நாற்பத்திரண்டு டிகிரி வெயில். ஓய்வு பெற்று ஆறு வருடமான க்ளெனிஸை மறுபடி வரச்சொல்லியிருந்தார்கள். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர்களின் பதிவேடு அந்தக் கிழட்டு மெயின்ஃப்ரேம் கணினியில்தான் இருந்தது. அதன் குணம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நட்டநடுப் பகலிலும் கணினி அறை மங்கலாகக் கிடந்தது. வியர்த்து வழிந்து வந்தவளுக்கு உள்ளே குளிரில் பல் கிடுகிடுத்தது.

"மூணு நாளா ஒரே பதிவுல வந்து நின்னுடுது," என்றான் பொறுப்பதிகாரி டார்கோ. "அறுநூறு பேருக்கு எக்ஸ்ரே எடுக்கக் கடிதம் போகணும். எக்ஸ்ரே தேதி இருக்கற இடத்துல ஏதோ குப்பை. பூஜ்யத்தப் போட்டு ஓட்டிவிடுங்க. உங்க வித்தைதானே!"

அவள் வித்தைதான். கெட்டுப்போன தேதியில் பூஜ்யம் போட்டால் வேலை நிற்காமல் ஓடும். அந்த ஆளுக்கு மட்டும் கடிதம் போகாது. காகிதக் கோப்பைப் பார்த்துச் சரியான தேதியை அப்புறம் போட வேண்டும். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

பதிவைத் திறந்தாள். மெர்வின் பாஸ்கோ. 1989இல் அவளே பூஜ்யம் போட்டவர். இரண்டு வருடம் கழித்து அவர் செத்த செய்தி வந்தபோது, கறி அடைத்த மீட் பை தின்றபடியே பதிவை மூடியவளும் அவள்தான்.

மூடிய பதிவு திறந்திருந்தது.

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சிழுத்தார்கள்.

அந்த மூச்சு நீளமாக இழுத்து, பாதியில் அடைத்து, மறுபடி இழுத்தது. ஈரச் சாக்கின் வாடை வந்தது.

"டார்கோ, ஏசி சத்தமா அது?" என்று கிசுகிசுத்தாள்.

"ஏசி காலைலேர்ந்தே ரிப்பேர். சீக்கிரம் பூஜ்யத்தப் போடுங்க."

"மாட்டேன்டா. அன்னிக்குப் போட்டதுக்குத்தான் வந்திருக்காரு."

அலமாரியில் தேடிப் பழைய கோப்பை எடுத்தாள். அதிலிருந்த தேதியை அடித்தாள். பதினாலு மார்ச், 1989.

மூச்சு நின்றது.

"ஓடுதுங்க!" என்று டார்கோ கை தட்டினான். அச்சுப்பொறி பாஸ்கோவை எக்ஸ்ரேக்கு அழைத்தது, முப்பத்தாறு வருடம் தாமதமாக. க்ளெனிஸுக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரை மறுபடி நின்றது.

எட்னா பாஸ்கோ. கணவனின் வேலைச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே தூசியை வாங்கிக்கொண்டவள்.

டார்கோவின் சிரிப்பு போய்விட்டது. "மொத்தம் எத்தன பேருக்குப் போட்டீங்க, க்ளெனிஸ்?"

"எண்ணினதில்ல."

பின்னால் மூச்சு மறுபடி தொடங்கியது. இந்த முறை அது ஒரு பெண்ணுடையது.