உள்விட்ட துணி

காலையில் முப்பத்திரண்டு அங்குலம் இருந்த சட்டை, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு முப்பத்துமூன்றாக இருந்தது.

றீற்றா அளவு நாடாவை உதறிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். முப்பத்துமூன்று. இருபது வருஷமாகக் கண்டிப் பெண்களின் நெஞ்சையும் இடுப்பையும் அளந்த கை அது. ஆட்கள் பொய் சொல்லுவார்கள், நாடா சொல்லாது என்பது அவளுடைய வேதம். ஆவணி மழைக்குத் துணி ஈரம் குடித்து இளகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பருத்தி ஈரத்தில் சுருங்குமே தவிர விரியாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

கண்டி, கட்டுக்கலையில் தெருவைப் பார்த்த வீடு. முன்னறைதான் தையற்கடை. அதன் சுவரில் ஒரு பெரிய கட்டில் விரிப்புத் தொங்கியது. அதன் மேல் பதினேழு சட்டைகள், தையல் பிரித்து, கைகளை அகல விரித்துப் பொருத்தப்பட்டிருந்தன. எல்லாம் அளவுச் சட்டைகள். புதுச் சட்டை தைக்கக் கொடுக்கிறவள், அளவுக்கென்று தனக்குப் பிடித்த பழைய சட்டை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போவாள். எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில், தமிழர் வீடுகள் எரிந்தபோது, உடுத்த துணியோடு ஓடியவர்கள் அளவுச் சட்டையைக் கேட்டா திரும்பி வரப்போகிறார்கள்? சிலர் யாழ்ப்பாணம், சிலர் இந்தியா, சிலர் போன இடமே தெரியாது. ஆறு வருஷமாக அவை றீற்றாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தன.

அவற்றைச் சுவருக்கு ஏற்றச் சொன்னவள் சந்திரிகா. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, படித்து வந்து பெண்கள் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். அழகு என்று சொல்லிச் சொல்லியே பெண்களை எப்படியெல்லாம் குறுக்கிவிட்டார்கள் என்று ஒரு கண்காட்சி. அதற்குத்தான் இந்த விரிப்பு. ஒவ்வொரு சட்டைக்கும் பக்கத்தில், அளவெடுக்கும்போது அந்தப் பெண் கூசிக்கூசிச் சொன்னதைச் சிவப்பு நூலால் எழுத்தாகத் தைத்திருந்தாள் றீற்றா. ‘கைப் பருமன் தெரியாமல் முழங்கை வரைக்கும் விடு.’ ‘நெஞ்சு தட்டையாத் தெரியுது, உள்ளுக்குப் பஞ்சு வை.’ ‘மாப்பிள்ளை வீட்டார் வருகினம், மூச்சு முட்டினாலும் பரவாயில்லை, இடுப்பைப் பிடி.’

பிரித்த பக்கத் தையல்களுக்குள்ளே அகலமாய் ஒரு பட்டி தெரிந்தது. பெண் என்றால் ஒருநாள் பெருப்பாள் என்று தெரிந்து, பின்னால் இளக்கிக் கொடுப்பதற்காகத் தையற்காரி உள்ளே மடித்துவிடும் துணி. வெயில் படாததால் அந்தப் பட்டிகள் மட்டும் சாயம் போகாமல் பளிச்சென்று இருந்தன. கண்காட்சியின் உயிரே அதுதான் என்றாள் சந்திரிகா.

வெள்ளைச் சட்டையைப் பெட்டியின் அடியிலிருந்து அன்று காலை இழுத்தெடுத்தவளும் அவள்தான். சிங்களப் பெண்கள் ஒசரிச் சேலைக்குப் போடும் சட்டை.

“இது நடுவுல வரட்டும் அக்கா. எவ்வளவு வடிவா இருக்கு. ஏன் இத மட்டும் பிரிக்காம வச்சிருக்கீங்க?”

“அது அளவுச் சட்டை இல்லைப் பிள்ளை. ஒரு கலியாணப் பொம்பிளைக்குத் தைச்சது, எடுக்க வரேல்லை. உள்ளுக்குத் துணியும் விடேல்லை.”

“நீங்களா? துணி விடாம தைச்சீங்களா?” சந்திரிகா சிரித்துவிட்டாள். “நம்ப மாட்டேன் போங்க. பிரிச்சி வைங்க. நாளைக்கு ஊரடங்கு எடுத்த ஒடனே வேன் கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போறோம்.”

இரண்டு மணிக்கு ஊரடங்கு விழுந்தது. தெரு ஓய்ந்தது. மழை ஓட்டில் ஒரே சீராகப் பெய்தது. பேராதனை வீதிப் பக்கமிருந்து டயர் எரியும் மணம் ஈரக் காற்றோடு வந்து, மெஷின் எண்ணெய் மணத்தோடும் பழந்துணி மணத்தோடும் கலந்தது. தெருவோரம் டயர் போட்டுப் பிணம் எரித்த அந்த எண்பத்தொன்பதில் அந்த மணம் வந்தால் யாரும் யன்னலைத் திறந்து பார்ப்பதில்லை. றீற்றாவும் பார்க்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது மேசையிலிருந்த அந்த வெள்ளைச் சட்டையைத்தான். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்.

கனம் இருந்தது. அதற்குப் பெயர் கமலாசனி.

அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை. இரண்டு வீடு தள்ளி ஓர் அறையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துக்காரி. நல்ல பருத்த உடம்பு. படம் எடுக்கும்போது யாருக்காவது பின்னால் போய் நிற்பாள். கலியாண வீட்டில் கொறித்துவிட்டு, றீற்றாவின் குசினிக்கு வந்து வயிறாரச் சாப்பிடுவாள். ஏழு இடத்தில் பெண் பார்த்து, ஏழும் ‘கொஞ்சம் மொத்தம்’ என்று போய்விட்டன. அந்த ஏழு சட்டையையும் தைத்தவள் றீற்றா.

ஜூலை இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை, டவுன் பக்கம் புகை கிளம்பியபோது கமலாசனி பின்கதவால் ஓடி வந்தாள். முஸ்லிம்கள் இருக்கும் அக்குறணைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், கூட வேலை செய்யும் ஜவாஹிர் வீட்டில் ஒளித்து வைப்பார்கள். பொட்டை அழித்து, சிங்களத்தி போல ஒசரி கட்டிக்கொண்டால் தெருவைத் தாண்டலாம். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சேலை இருந்தது. தைத்து முடித்த வெள்ளைச் சட்டை மெஷினில் கிடந்தது. போட்டாள். முதுகில் கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே இரண்டு அங்குலம் வெளி.

“தையலைப் பிரிச்சு விட்டுத் தாடி, றீற்றா.”

பிரித்துத் தைக்கக் கால் மணித்தியாலம் போதும். ஆனால் கூச்சல் கோயில் திருப்பத்துக்கு வந்துவிட்டது. றீற்றா ஒல்லி, கவுண் போட்டவள், கழுத்தில் செபமாலை. அவளைத் தமிழா என்று யாரும் கேட்கப்போவதில்லை. கமலாசனி உள்ளே இருந்தால் கேட்பார்கள்.

“உள்ளுக்குத் துணி விடேல்லை,” என்றாள். “உன்ர உடம்புக்கு இது ஏறாது.”

கமலாசனி சட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். முகம் சிவந்து, ஏதோ தன் குற்றம் போல, “ஓம், எனக்கு எப்பவும் அப்பிடித்தானே. குறை நினைக்காதை,” என்று கழற்றி மடித்து வைத்துவிட்டு, தன் சேலையோடே பின்கதவால் போனாள். அக்குறணைக்குப் போய்ச் சேரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் றீற்றா ஒரே பதில்தான் சொன்னாள்: சட்டையில் துணி இல்லை, நான் என்ன செய்ய. சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு, அந்தச் சோற்றையே ஆறு வருஷம் தின்னவும் முடிந்தது.

ஐந்தரை மணிக்கு அளந்தாள். முப்பத்துநாலு.

சட்டையைச் சுருட்டி டிரங்குப் பெட்டிக்குள் போட்டு, மூடி, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றினாள். குடிக்கவில்லை. முன்னறையில் ஒரு சின்னச் சத்தம். நூல் தெறிக்கும் சத்தம். அது எப்படியிருக்கும் என்று தையற்காரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்னொன்று. மழைக்குள்ளும் தெளிவாகக் கேட்டது. பிறகு, மெல்ல, தகரம் நெளியும் சத்தம். பெட்டிக்குள் எதற்கோ இடம் போதாததைப் போல.

கரண்ட் போனது. றீற்றா முன்னறைக்கு வந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்து வெளிச்சம் கொஞ்சம் யன்னலில் மிஞ்சியிருந்தது. இஸ்திரிப் பெட்டி தரையில் கிடந்தது. டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. அறை முழுவதும் சந்தனப் பவுடர் மணமும், ஓடி வந்தவளின் வியர்வை மணமும். றீற்றாவுக்கு அந்த இரண்டும் தெரியும். வெளியே ஓடலாம் என்றால் ஊரடங்கு, தெருவில் ஆமிக்காரன்.

பிரித்துப் பார்த்துவிடுவோம் என்று நினைத்தாள். உள்ளே துணி இல்லை என்று என் கண்ணாலே பார்த்துவிட்டால் இது நின்றுவிடும். பயத்தில் மனுசி எப்படியெல்லாம் யோசிக்கிறாள் பாருங்கள்.

யன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். சட்டையை மடியில் வைத்தாள். இளஞ்சூடு. இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்த சூடு. அக்குளடியில் பிளேடை வைத்து முதல் தையலை அறுத்தாள். இரண்டாவதை. ஒரு சாண் பிரிந்ததும் விரலால் விலக்கினாள்.

துணி இருந்தது. முழுசாய் இரண்டு அங்குலம். வெள்ளை வெளேரென்று.

“இருந்தது,” என்றாள் வாய்விட்டு. “எனக்குத் தெரியும், கமலா. நான் பயந்துபோனன்.” ஆறு வருஷத்தில் முதல்முறையாக அழுதாள்.

பட்டியை நீவினாள். அதனடியில் இன்னொரு மடிப்பு.

அவள் அப்படி மடித்துத் தைத்ததில்லை. யாருமே தைப்பதில்லை. இழுத்தாள். வந்தது. இன்னும் இரண்டு அங்குலம். அதனடியில் இன்னொன்று. அதற்கும் தையல். அறுத்தாள். ஒரு முழம் வந்தது. முழங்கால் மறைந்தது. சூடு ஏறியது. நிறுத்தப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

வெள்ளை எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. இப்போது மாநிறம். மெல்லிய ரோமம். பெருத்த பெண்ணின் விலாவில் ஓடும் வெளிறிய கோடுகள். பிளேடு சறுக்கிய இடம் ஈரமானது.

மடி நிறைந்தது. தரை நிறைந்தது. கதவுவரை போய் மடிந்தது. ஏறியது. இறங்கியது. மூச்சு.

காதோரம் ஒரு குரல். கோபமே இல்லை அதில். அதே கூச்சம்.

“குறை நினைக்காதையடி. இன்னும் கொஞ்சம் விடு. இறுக்குது.”

கழுத்துவரை வந்துவிட்ட அந்தச் சூட்டுக்குள்ளே, றீற்றா விரலால் தடவித் தடவி அடுத்த தையலைத் தேடினாள்.