கோவர்த்தனன் கேட்ட பிளெண்டர்

"ஐயோ... மாஸ்டர்!"

காய் நறுக்கும் ஹரிதாவின் அலறல் திருப்பதி பஸ் ஸ்டாண்ட் எதிரே இருந்த அந்த ஹோட்டலையே உலுக்கியது. மணி காலை பத்து.

கீரை அண்டாவுக்குப் பக்கத்தில், ஈரத் தரையில், தலைமைச் சமையல்காரர் கோவர்த்தனன் மல்லாந்து கிடந்தார். கையில் புத்தம் புது ஹேண்ட் பிளெண்டர்.

மூச்சு இல்லை!

கல்லாவிலிருந்து ஓடி வந்தாள் முதலாளியம்மா தாட்சாயணி.

"அடக் கடவுளே... ஷாக் அட்ச்சிட்ச்சே!"

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா வந்தார். உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிளெண்டரைக் கழற்றினார். புருவம் உயர்ந்தது.

"இதை யாரும்மா செலக்ட் பண்ணது?"

"மாஸ்டர்தான் சார். வீட்டு மெஷினு ரெண்டு நிமிஷத்துல சூடாயிடும், அண்டா அடி வரைக்கும் எட்டாது, நீளத் தண்டு வச்ச ஸ்டீல் பாடிதான் வோணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. கேட்டதையே வாங்கித் தந்தேன்."

"தந்தீங்க... உள்ளே ஒரு ஒயரை உருவி, ஸ்டீல்ல தொட வச்சி!"

"நா... நானா?"

கிருஷ்ணப்பா பிளெண்டர் வைக்கும் மேஜையடியைக் காட்டினார். சிந்திய அரிசி மாவில் செருப்புத் தடம்!

"மொதல் கரண்டி பெருமாளுக்குப் போற சமையல்கட்டு. இங்க அத்தினி பேரும் வெறுங்கால். அதை நம்பித்தான் ஷாக் வச்சீங்க. ஆனா ஒயரைத் தொடறப்போ உங்க உயிர் மேல பயம்... ரப்பர் செருப்போட வந்துட்டீங்க. உங்க செருப்புல இன்னும் மாவு ஒட்டிக்கினு இருக்கு பாருங்க!"

தாட்சாயணி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் துளி ஈரம் இல்லை.

"ஆமா சார், நான்தான்! திங்கக்கிழமை எதுத்த ஹோட்டலுக்கு வேலைக்குப் போறானாம். என் கஸ்டமரெல்லாம் அவன் கீரைக்குத்தான் வராங்க. துடிச்சி சாவட்டும்னுதான் வச்சேன்!"

கிருஷ்ணப்பாவின் போன் அலறியது. ஆஸ்பத்திரி டாக்டர்!

"என்னது... ஹார்ட் அட்டாக்கா? உங்க பழைய பேஷண்ட்டா? ஷாக் அடிச்ச காயமே இல்லியா?"

கிருஷ்ணப்பா மெதுவாக ஹரிதா பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பிளக்கை யார் புடுங்கினது?"

"சொருகினாத்தானே சார் புடுங்க? சும்மா கையில வச்சிப் பாத்துக்கினு இருந்தாரு. நெஞ்சைப் புட்ச்சிக்கினு வுழுந்துட்டாரு. சொல்ல வந்தேன்... மொதலாளியம்மாதான் ஷாக்கு ஷாக்குன்னு என்னை வாயே தொறக்க வுடல!"

தாட்சாயணி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

கிருஷ்ணப்பா விலங்கை எடுத்தார்.

"மாஸ்டருக்கு மெஷின் செலக்ட் பண்ணத் தெரிஞ்சிருக்கும்மா... பிளக்கு சொருகறதுக்குள்ளயே உங்களைக் கூழாக்கிடுச்சே!"