பலாப் பீப்பாய்க்கு ஒரு பரீட்சை

நீர்முனையில் துக்க வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வாசலிலேயே கைக்குட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கண்ணீர் அங்கே யாருக்கும் சொந்தமில்லை. வாசலில் நிற்கும் பிழிபொறி கைக்குட்டையை வாங்கிப் பிழிந்து, உலர்த்தி, மடித்துக் கையில் கொடுத்துவிடும். பிழிந்தது பொதுத் தொட்டிக்குப் போய்விடும். இதை யாரும் தவறாக நினைப்பதில்லை. உலர்ந்த கைக்குட்டையோடு வருகிறவர்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

நிலாவின் தென்பகுதியில், ஒரு பள்ளத்துக்கு அடியில் பனிக்கட்டி கிடைத்த இடத்தில் எழும்பிய ஊர் அது. தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள் இப்போது அங்கே வாழ்கிறார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஊரின் முதல் சட்டம். குடித்தது வியர்வையாகவும் மூச்சாகவும், இன்னும் சொல்லக் கூச்சப்படும் வழிகளிலும் வெளியேறி மறுபடி குழாய்க்கு வந்தாக வேண்டும். எங்கேயாவது ஒரு குடம் சும்மா தேங்கினால் வேறெங்கோ ஒருவருக்குத் தொண்டை காயும்.

அப்படிப்பட்ட ஊரில், ரொட்டிக்கூடத்தில் வேலை பார்க்கும் பிலோமினா முந்நூறு லிட்டர் தண்ணீரை மூன்று வருடமாக ஒரு மரப் பீப்பாய்க்குள் பூட்டி வைத்திருந்தார்.

திருட்டுத்தனமாக இல்லை, அனுமதியோடுதான். மனிதன் வெறும் தண்ணீரை மட்டும் குடித்து உயிர் வாழ மாட்டான் என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் ஏதோ ஒரு சாயங்காலத்தில் உறைத்திருக்க வேண்டும். மது காய்ச்சித் தேக்கி வைக்க வழி விட்டிருந்தார்கள். ஆனால் பீப்பாயைத் திறக்கும் நாளில், உள்ளே இருப்பது மனிதருக்கு மகிழ்ச்சி தருகிறது என்று நிரூபித்தாக வேண்டும். நிரூபணமானால் ஊருக்கு விருந்து. இல்லையென்றால் அன்றே அத்தனையும் பொதுத் தொட்டிக்கு. காய்ச்சியவருக்கு ஆயுளுக்கும் மறு அனுமதி கிடையாது.

பிலோமினா காய்ச்சியது கரும்பீர். பசுங்குடிலில் விளைந்த பார்லியைக் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் வரைக்கும் வறுத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூப் போட்டு, சாராயத்துக்குச் சவால் விடும் வீரியத்தில் இறக்கியது. பீப்பாய்க்கு மரம் கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டம். ஊரின் முதல் பலா, கூரையை முட்டி நின்றபோது வெட்டச் சொல்லிவிட்டார்கள். அதில் ஆளுக்கொரு சாமான் கேட்டார்கள். பிலோமினா அடிமரத்தையே கேட்டு, பலகை இழைத்து, உட்புறத்தைத் தீயில் வாட்டி, தானே பீப்பாய் கட்டினார். அதை ஊரின் வெளிச்சுவரை ஒட்டிய அறையில் வைத்தார். நிலாவில் பதினைந்து நாள் பகல், பதினைந்து நாள் இரவு. பகலில் சுவர் சூடேறும்போது மரம் பீரை உறிஞ்சும், இரவில் குளிர்ந்ததும் திருப்பிக் கொடுக்கும். மூன்று வருடம் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. பிலோமினா ஒரு நாள் கூட மூடியைத் திறந்து ருசி பார்க்கவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கும் என்று யோசித்தால் எனக்கு அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

மகிழ்ச்சியை அளப்பது முகமானியின் வேலை. அதற்கு நாக்கும் இல்லை, மூக்கும் இல்லை. தோசைக்கல் அகலத்தில் ஒரு கண், அதைத் தாங்க ஒரு கால், பேசுவதற்கு ஒரு குரல். குடிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடும். பூமியிலிருந்து கொண்டுவந்த கோடிக்கணக்கான பழைய படப் பதிவுகளைப் பார்த்துத்தான் அது பாடம் படித்திருந்தது. மதுக்கடை, மொட்டை மாடி, கல்யாண மண்டபத்தின் பின்புறம், கடற்கரை என்று நம் காலத்து மனிதர்கள் எங்கெங்கே குடித்தார்களோ, அங்கெல்லாம் அவர்களே எடுத்து வைத்துக்கொண்ட பதிவுகள். போன வருடம் ஒருவர் காய்கறித் தோலில் மூன்றே நாளில் வடித்த ‘நெருப்பு’ என்ற சரக்குக்கு அது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு போட்டது. தொண்டை வழியாக ஆணி இறங்குவது போல இருக்கும் அந்தச் சரக்கு.

பரீட்சை நாளில் சுவைப்பதற்குக் குலுக்கல் முறையில் மூன்று பேர் வந்தார்கள். காற்றுக்குழாய் பழுது பார்க்கும் வெள்ளைச்சாமி, கீரைப் பாத்திகளைக் கவனிக்கும் தெய்வானை, பல் வைத்தியர் இன்பராஜ். வெள்ளைச்சாமியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

பிலோமினா ஊற்றினார். நிலாவில் எதுவும் அவசரமாக விழாது. கரிய பீர் சோம்பல் முறித்தபடி கோப்பைக்குள் இறங்கியது. நுரை பழுப்பு நிறத்தில் மெதுவாக ஏறி, விளிம்புக்கு மேல் ஒரு சாண் உயரம் நின்று, யோசித்து யோசித்து அடங்கியது.

“உடனே குடிச்சிராதீங்க. கொஞ்ச நேரம் உள்ளங்கையில பிடிச்சுக்கிட்டு இருங்க. சூடு ஏற ஏறத்தான் வாசம் வரும்” என்றார் பிலோமினா.

பிடித்தார்கள். வாசம் வந்தது. பூமியில் இருக்கிறவர்களுக்குப் புரியும்படி சொன்னால், முதலில் கருப்பட்டிப் பாகு, அதன் பின்னால் அப்போது அரைத்த காப்பிக்கொட்டை, அதற்கும் பின்னால் அணைந்துகொண்டிருக்கும் விறகடுப்பு. குடித்தபோது நாக்கில் எண்ணெய் போல வழுவழுவென்று படர்ந்தது. பேரீச்சம்பழம் மாதிரி ஒரு இனிப்பு. அது திகட்டப் போகிறது என்று தோன்றும் நேரத்தில் கசப்பு வந்து அதை ஓரமாக நகர்த்தி உட்கார்ந்தது. விழுங்கிய பிறகு நெஞ்சில் இதமாக ஒரு சூடு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், எங்கிருந்தோ ஒரு பலாச்சுளை வாசம் மேலெழும்பி வந்தது.

யாரும் பேசவில்லை. தெய்வானை கண்ணை மூடிக்கொண்டார். இன்பராஜ் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டார்கள். எதைக் கண்டாலும் குறை சொல்லும் வெள்ளைச்சாமிதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

“எங்க அப்பா செத்ததுக்கு அப்புறம் நான் இவ்வளவு நேரம் பேசாம இருந்ததில்ல” என்றார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா அண்ணாச்சி?”

“வேண்டாம்மா, போதும். நாக்குல இருக்கிறது அப்படியே இருக்கட்டும்.”

மற்ற இருவரும் போதும் என்றுதான் சொன்னார்கள். பிலோமினாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. மூன்று வருடத்தில் அவர் எதிர்பார்த்த முகங்கள் இவைதான்.

முகமானி அச்சுத் தமிழில் அறிவித்தது. “மகிழ்ச்சி மதிப்பு நூற்றுக்கு நான்கு. அந்த நான்கும் மருத்துவர் கடைசியில் விட்ட ஏப்பத்துக்கு.”

“நாலா?” என்றார் பிலோமினா. “அவங்க மூஞ்சியப் பார்த்தியா இல்லையா?”

“பார்த்தேன். மது அருந்தி மகிழ்கிறவர் ஒரே மடக்கில் குடிக்கிறார். உடனே அவர் முகம் கோணுகிறது. தலையை உதறுகிறார், ஊறுகாயை நக்குகிறார். பிறகு உரக்கச் சிரித்து, ‘செம’ என்கிறார், இன்னொன்று ஊற்றச் சொல்கிறார். என்னிடம் உள்ள எல்லாப் பதிவுகளிலும் இதே வரிசைதான். இவர்கள் முகம் சுளிக்கவில்லை. சத்தமே இல்லை. இன்னொன்றும் கேட்கவில்லை. ‘போதும்’ என்ற சொல்லைப் பந்தியில் கேட்டிருக்கிறேன். மது மேசையில் கேட்டதில்லை.”

“போதும்னா பிடிக்கலைன்னு அர்த்தமா?”

“பிடித்தவர் ஏன் நிறுத்துகிறார்?”

பிலோமினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு இயந்திரத்துக்கு முன்னால் நின்று, தன் பீர் நல்ல பீர் என்று வாதாட வேண்டியிருக்கிறதே என்று அவமானமாக இருந்தது. சுவரில் பொதுத் தொட்டிக் குழாயின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

சட்டப்படி ஒரு மறுசுவைப்பு உண்டு. அதற்கு முன்னால் சற்று ஓய்வு. நால்வரும் நடைகூடத்துக்கு வந்தார்கள்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் வெள்ளைச்சாமி. “அதுக்கு எது வேணுமோ அதைக் காட்டிட்டுப் போவோம். ஒரே மடக்கு, மூஞ்சியச் சுளி, கத்து. நெருப்பு குடிக்கிறப்ப நாம பண்ணாததா?”

“என் பீரைக் குடிச்சிட்டு மூஞ்சியச் சுளிக்கணுமா அண்ணாச்சி? அதுக்குக் குழாயிலேயே போகட்டும்.”

தெய்வானை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வீம்பு பண்ணாத பிலோமி. குழாய்ல போறது எங்க தொண்டையில போகட்டுமே. ஊர்ல இன்னும் அத்தனை பேர் குடிக்கணும்ல?”

பிலோமினா சரி என்று தலையாட்டினார். மூன்று வருடம் பிடித்த வேலையை விட அந்தத் தலையாட்டல்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது சுற்றில் மூவரும் வெளுத்து வாங்கினார்கள். வெள்ளைச்சாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்து, வேப்பங்காயைக் கடித்தவர் போல முகத்தைக் கோணி, மேசையை ஓங்கித் தட்டினார். ரொட்டிக்கூடத்திலிருந்து அவசரமாக வரவழைத்த எலுமிச்சை ஊறுகாயைத் தெய்வானை நக்கினார். இன்பராஜ், “செம சரக்குடா மாப்ள” என்று சொல்லி, தன்னை விட இருபது வயது மூத்த வெள்ளைச்சாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். “இன்னொண்ணு ஊத்து” என்று மூவரும் ஒரே குரலில் கத்திச் சிரித்தார்கள். பிலோமினா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

“நூற்றுக்குத் தொண்ணூற்றாறு” என்றது முகமானி. மூவரும் மூச்சு விட்டார்கள். “ஆனால் நீங்கள் நடித்தீர்கள்.”

இன்பராஜின் கை வெள்ளைச்சாமியின் கழுத்திலிருந்து தானாக இறங்கியது.

“ஒரே மதுவுக்கு ஒரே மனிதர்கள் இரண்டு விதமாக முகம் காட்டியதால் எனக்குச் சந்தேகம் வந்தது. மதுவே இல்லாத பதிவுகளைத் தேடி, மழையில் நனையும் குழந்தைகளைப் பார்த்தேன். மனிதர் உள்ளபடியே மகிழும்போது கண்ணோரத்தில் ஒரு சிறு தசை தானாகச் சுருங்குகிறது. வேண்டுமென்று அதை யாராலும் எளிதில் சுருக்க முடியாது. முதல் சுற்றில் அது உங்கள் மூவருக்கும் சுருங்கியது. என்னவென்று தெரியாததால் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். இரண்டாவது சுற்றில் அத்தனை சிரிப்பிலும் அது ஒருமுறை கூட அசையவில்லை.”

“தப்பு என்னோடது” என்றார் பிலோமினா. “அவங்களை விட்ரு. பீரைக் குழாயில ஊத்திரு.”

“நான் இன்னும் முடிக்கவில்லை. அதன் பிறகு மதுப் பதிவுகள் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். மேசையைத் தட்டிச் சிரிப்பவர்கள், கட்டிக்கொள்கிறவர்கள், ‘செம’ என்கிறவர்கள். முதல் மடக்கின்போது கோணும் முகம் மட்டும் உண்மை. அதற்குப் பிறகு வரும் சிரிப்பில், அநேகமாக யாருக்கும் கண்ணோரம் அசையவில்லை. உங்களுடைய இரண்டாவது சுற்று அவர்களோடு அச்சாகப் பொருந்துகிறது. அதனால்தான் தொண்ணூற்றாறு வந்தது. எல்லோரும் ஒன்று போலவே செய்ததால் அதுதான் மகிழ்ச்சி என்று படித்துவிட்டேன். அந்தப் படிப்பைக் கைவிடுகிறேன். முதல் சுற்றையே ஏற்கிறேன். இந்தப் பீப்பாய் ஊருக்கு.”

சுவரிலிருந்த குழாயின் வாய் மூடிக்கொண்டது. பிலோமினா பீப்பாயின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து நின்றார். அந்த நிமிடம் நிலாவில் அவரை விடச் சந்தோஷமான ஆள் யாரும் இருந்திருக்க முடியாது. தெய்வானை அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

முகமானி மட்டும் அணையவில்லை. “ஒரு ஐயம்” என்றது. “நீங்கள் நடித்ததற்குக் காரணம் நான். இந்தப் பீரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பூமியில் அவர்களுக்கு எதிரே முகமானி எதுவும் இல்லை. காப்பாற்ற ஒன்றும் இல்லை. பிறகு யாருக்காக நடித்தார்கள்?”

வெள்ளைச்சாமி தாடையைச் சொறிந்தார். “பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்காகத்தான். நமக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சா அவன் என்ன நினைப்பான்?”

“பக்கத்தில் இருந்தவர்?”

“அவன் இவனுக்காக.”

“அப்படியானால் அந்த மேசையில் குடிக்க ஆசைப்பட்டு வந்தவர் யார்?” என்று கேட்டது முகமானி.

நெருப்பு குடித்த மேசையை நினைத்துக்கொண்டு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.