எறியப் போன கையில் மணி அடித்தது

ஹிர்வியோகி ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் சமையலறையில் ஓர் இழுப்பறை மட்டும் சரியாக மூடாது. உள்ளே பழைய கைபேசிகள் முட்டிக்கொண்டு கிடக்கும்.

கிடக்காமல் என்ன செய்யும்? ஊரின் ஓரத்தில் நிற்பது டுயிஸ்கு கைபேசித் தொழிற்சாலை. ஒரு காலத்தில் பின்லாந்தில் பாதிப் பேரின் சட்டைப் பையில் டுயிஸ்குதான் இருந்தது. வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்தார்கள். பிறகு வெளிநாடுகளிலிருந்து கண்ணாடி போல வழவழவென்று புதுக் கைபேசிகள் வந்தன. டுயிஸ்குவைச் சீண்ட ஆள் இல்லை. தொழிற்சாலையில் இரண்டு உற்பத்தி வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை இரண்டு வருடங்களுக்கு முன்பு மூடிவிட்டார்கள்.

கைபேசி எறியும் போட்டி மட்டும் கோடைதோறும் தவறாமல் நடந்தது.

இந்த வருடம் பத்து வயது சைமி தன் வீட்டு இழுப்பறையைக் காலி செய்துவிட்டாள். பதினான்கு கைபேசிகள்! ஒரு வாளியில் போட்டு சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய், மைதானத்தில் எறிவதற்கான கைபேசிகளைச் சேர்க்க வைத்திருந்த மீன் பெட்டியில் கொட்டினாள்.

"ஒரே வீட்டுலேர்ந்து பதினாலு!" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் உடற்பயிற்சி ஆசிரியர் தாபியோ. "சைமிக்கு ஒரு கைதட்டல்!"

சைமி பெருமையோடு வீடு திரும்பினாள். ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது அவளுடைய மஞ்சள் கைபேசி அடித்தது. பிறந்தநாளுக்கு அம்மா கொடுத்தது அது. அதுவும் டுயிஸ்குதான்.

"சைமி, பக்கத்துல யாரும் இல்லியே?" அம்மா மார்கெட்டாவின் குரல் கரகரவென்று இருந்தது. "டிராயர்ல சாம்பல் கலர் ஃபோன் ஒண்ணு இருக்கும். மூலையில சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். அதை எடுத்துட்டு ஃபேக்டரி கேட்டுக்கு வா."

"அந்தப் பழைய ஃபோனா?"

"பழசு இல்லடி. உறை மட்டும்தான் பழசு. உள்ள இருக்கிறது எங்க புது மாடல். யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கோம். நம்ம ஊருல பழைய ஃபோனை எவன் திருடப் போறான்னு டிராயர்லயே போட்டு வச்சேன். காலையில அவசரத்துல அதே மாதிரி இருந்த வேற ஒண்ணை எடுத்துட்டு வந்துட்டேன்."

சைமியின் கையில் இருந்த வெண்ணெய்க் கத்தி அப்படியே நின்றது.

"ஒரு மணிக்கு நார்வேக்காரங்க வராங்க. கடல்ல மாட்டிக்கிட்டவங்களைக் காப்பாத்தறவங்க. ஈரக் கையுறையோட பேச ஒரு ஃபோன் வேணுமாம். இந்த ஒண்ணுதான் இப்ப வேலை செய்யுது. அதைக் கையில கொடுத்துக் காட்டணும். அவங்க வேண்டாம்னு போயிட்டா மிச்சம் இருக்கிற வரிசையையும் மூடிடுவாங்க. சைமி, கேக்கறியா?"

"கேக்கறேன்மா."

"வெளியில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சீக்கிரம் வா."

சைமி இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். காலி என்று தெரிந்தும் பார்த்தாள். இரண்டு ரப்பர் வளையமும் ஒரு மெழுகுவர்த்தியும் கிடந்தன.

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு நாற்பது.

அவள் சைக்கிளை மிதித்த மிதியில் சங்கிலி கழன்று விழாதது அதிசயம்தான்.

மைதானத்தில் போட்டி பாதிக்கு மேல் முடிந்திருந்தது. கயிற்றுக்கு வெளியே ஊரே கூடி நின்றது. சைமி மீன் பெட்டிக்குள் தலையைவிட்டுத் துழாவினாள். எல்லாம் சாம்பல். எல்லாம் டுயிஸ்கு. சிவப்பு டேப் மட்டும் இல்லை.

யாராவது ஏற்கெனவே எறிந்துவிட்டார்களோ? மைக்கில் கேட்கலாம் என்றால், பத்திரிகைக்காரர் கேமராவும் கையுமாக தாபியோவின் பக்கத்திலேயே நின்றார்.

சைமி கண்களை இறுக மூடிக்கொண்டாள். யோசி, யோசி!

பெட்டியில் இருப்பவை எல்லாம் வருடக்கணக்கில் சார்ஜ் ஏறாதவை. அம்மாவின் கைபேசி மட்டும்தான் உயிரோடு இருக்கும். அதற்கு மணி அடித்தால் தெரிந்துவிடும்! ஆனால் எண்?

போன வாரம் அம்மா ஏரிக்குப் போயிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டு, "ரெண்டு மீன் மாட்டியிருக்கு, உருளைக்கிழங்கை வேக வை" என்றார். "யார் ஃபோன்மா?" என்று கேட்டதற்கு, "சோதனை ஃபோன்" என்றார்.

சைமி அந்த எண்ணைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். பெட்டியின்மேல் காதை வைத்தாள்.

பெட்டி ஊமையாக இருந்தது.

ஆனால் மைதானத்தின் நடுவில் மணி அடித்தது.

எறியும் வட்டத்துக்குள், கையைப் பின்னால் ஓங்கியபடி நின்றிருந்தார் உர்ஹோ. மலை போல ஆள். போன இரண்டு வருடமும் கோப்பை அவருக்குத்தான். இந்த வருடமும் ஜெயித்தால் கோப்பையை நிரந்தரமாக வீட்டுக்கே கொண்டுபோகலாம். மூடப்பட்ட வரிசையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். "கம்பெனி என்னைத் தூக்கி எறிஞ்சுது. நான் அதோட ஃபோனைத் தூக்கி எறியறேன். கணக்கு சரி" என்பார்.

இப்போது அவர் ஓங்கிய கையை இறக்கி, அடிக்கும் கைபேசியை முறைத்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"என்ன உர்ஹோ, வீட்டுலேர்ந்தா?" என்றார் தாபியோ ஒலிபெருக்கியில். "வரும்போது பால் வாங்கிட்டு வரச் சொல்றாங்களா? ஒரு நிமிஷம்தான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ! எறியாம வட்டத்தைவிட்டுக் காலை வெளியே வச்சா நீ அவுட்டு!"

உர்ஹோ கைபேசியைக் காதில் வைத்தார். "ஹலோ?"

"மாமா, எறிஞ்சிடாதீங்க!"

"யாரு பேசறது?"

"சைமி. மார்கெட்டாவோட பொண்ணு. மீன் பெட்டிகிட்ட நிக்கறேன். இங்க பார்க்காதீங்க மாமா, எல்லாரும் பார்ப்பாங்க!"

உர்ஹோ சட்டென்று வானத்தைப் பார்த்தார்.

"அது பழைய ஃபோன் இல்ல. அம்மா செய்யற புது மாடல். தெரியாம நான்தான் பெட்டியில போட்டுட்டேன். ஒரு மணிக்கு அதைக் காட்டலேன்னா ஃபேக்டரியை மூடிடுவாங்க."

"அதானே பார்த்தேன்!" உர்ஹோ கைபேசியை உள்ளங்கையில் மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். "இந்தக் கையால எத்தனை ஆயிரம் ஃபோனுக்கு மூடி மாட்டியிருப்பேன்! எடுத்த உடனேயே தெரிஞ்சுது, எடை கொஞ்சம் கூடன்னு. அதனாலதான் இதையே எடுத்தேன். நல்லாப் பறக்கும்."

"முப்பது விநாடி!" என்றார் தாபியோ.

"சரி பொண்ணு, ஒண்ணு கேக்கறேன்." உர்ஹோவின் குரல் தணிந்தது. "என்னை வீட்டுக்கு அனுப்பின கம்பெனி அது. அதுக்காக நான் ஏன் தோக்கணும்?"

'உங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்' என்று சொல்லிவிடலாம். அவர் உடனே கொடுத்துவிடுவார். ஆனால் அது உண்மையா என்று சைமிக்குத் தெரியாதே!

"தெரியல மாமா," என்றாள். "உங்களுக்கு வேலை கிடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நார்வேக்காரங்க வேண்டாம்னு சொல்லிட்டா அடுத்து வீட்டுக்கு வரப் போறது எங்கம்மா. தப்பு பண்ணது நான். அதனால... அதனால நீங்க என் ஃபோனை எறிஞ்சுக்கோங்க."

"எது? இப்ப நீ பேசிட்டிருக்கியே, அதையா?"

"ஆமா."

"அப்புறம் எப்படிப் பேசுவே?"

"நேர்ல வந்து பேசறேன் மாமா!"

உர்ஹோவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா, கோபமா? தூரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"இருபது!"

"ஓடி வா," என்றார் உர்ஹோ.

சைமி கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினாள். "ஏய், ஏய்! யாரது உள்ள?" என்று தாபியோ கத்தினார். மஞ்சள் கைபேசி உர்ஹோவின் கைக்குப் போனது. சாம்பல் கைபேசி சைமியின் கைக்கு வந்தது. மூலையில் சிவப்பு டேப்!

"ஃபோனை மாத்தலாமா? அப்படி ஒரு விதி இருக்கா?" கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

தாபியோ காகிதத்தைப் புரட்டினார். "மாத்தக் கூடாதுன்னு எதுவும் எழுதலையே... பத்து! ஒன்பது!"

உர்ஹோ சுழன்றார். மஞ்சள் கைபேசி ஒரு பறவைபோல விர்ரென்று போனது. அது எங்கே விழுந்தது என்று பார்க்க சைமி நிற்கவில்லை.

தொழிற்சாலை வாசலில் அம்மா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

"ஏன்டி இவ்வளவு நேரம்? உன் ஃபோனுக்கு அடிச்சா எடுக்கவே மாட்டேங்கறே! இது ஏன் வேர்வையா இருக்கு?"

"அது உர்ஹோ மாமாவோட வேர்வை. டிராயரைக் காலி பண்ணிப் போட்டிக்குக் கொடுத்துட்டேன்மா. அப்புறம் திட்டுங்க. இப்ப உள்ள போங்க!"

அம்மாவின் முகம் வெளுத்தது. பிறகு கைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

சைமி மைதானத்துக்குத் திரும்பியபோது போட்டி முடிந்துவிட்டது. கோப்பை பக்கத்து ஊர் பல் மருத்துவருக்குப் போயிருந்தது. உர்ஹோ இரண்டு மீட்டரில் தோற்றிருந்தார். ஒரு கையில் கடுகு விழுது தடவிய சாசேஜுடன், முழங்கால்வரை வளர்ந்த புல்லைக் காலால் விலக்கிக்கொண்டிருந்தார்.

"உன் ஃபோன் ஓரத்துப் புல்லுக்குள்ள போயிடுச்சு," என்றார். "எடை பத்தாது அதுக்கு. காத்து இழுத்துடுச்சு."

"மன்னிச்சுக்கோங்க மாமா."

"சேச்சே! பல் டாக்டருக்கு ஜெயிச்சுப் பழக்கமே இல்ல. பாவம், அழுதுட்டாரு. நீ அந்தப் பக்கம் தேடு."

தேடினார்கள். அடித்துப் பார்க்கலாம் என்றால் உர்ஹோவின் கைபேசி வீட்டில் இருந்தது. அரை மணி நேரம். ஒரு மணி நேரம். பந்தல்களைப் பிரித்துவிட்டார்கள். பத்திரிகைக்காரரும் போய்விட்டார். தொழிற்சாலைப் பக்கமிருந்து ஒரு தகவலும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களோ? அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறாரோ? சைமி புல்லையும் தொழிற்சாலை இருக்கும் திசையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

திடீரென்று புல்லுக்குள்ளிருந்து மணி அடித்தது.

இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். சைமிதான் முதலில் எடுத்தாள். ஒரு மூலை உடைந்திருந்தது. கண்ணாடியில் சிலந்தி வலை போல விரிசல். ஆனாலும் விடாமல் அடித்தது.

"அம்மா?"

மறுமுனையில் அம்மா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று புரியவில்லை. "வாளித் தண்ணியில போட்டாங்க சைமி! ஐஸுக்குள்ள வச்சாங்க! அப்புறம் கையுறை போட்டுக்கிட்டு அவங்க ஊருக்கே பேசினாங்க. சரின்னுட்டாங்க! இந்தக் குளிர்காலம் முழுக்க வேலை இருக்கு. மூடின வரிசையையும் திறக்கணும்."

சைமி புல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அதுக்குக் கை பழகின ஆளுங்க வேணும்," என்று அம்மா மூச்சுவிடாமல் பேசினார். "முதல்ல உர்ஹோவைக் கூப்பிடணும். அவர் நம்பர் யார்கிட்ட இருக்கும்னே தெரியல."

சைமி நிமிர்ந்து பார்த்தாள். மீசையில் கடுகு ஒட்டியது தெரியாமல், இரண்டாவது சாசேஜின் கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தார் உர்ஹோ.

"நம்பர் எதுக்கும்மா? இருங்க," என்று சொல்லி உடைந்த கைபேசியை அவரிடம் நீட்டினாள். "மாமா, உங்களுக்குத்தான்."

உர்ஹோ கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அன்றைக்கு இரண்டாவது தடவையாக, யாருடைய கைபேசியிலோ, "ஹலோ?" என்றார்.