தராசும் கயிறும்

அப்பாவின் கடையில் ஆணி, திருகு, சங்கிலி எல்லாம் எடை போட்டுத்தான் விற்பார்கள். வாசலருகே மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று இருந்தது. அந்தச் சனிக்கிழமை காலையில் மூட்டை இறங்கியதும் வீட்டின் கடைக்குட்டி வாண்டு அதில் ஏறி நின்றாள்.

"நாற்பத்தெட்டு கிலோ," என்றார் அப்பா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நாற்பத்தெட்டேதான்."

மூன்று மாதத்துக்கு முன்பும் அதே நாற்பத்தெட்டுதான். வாண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், பக்கத்து வீட்டு அக்காவின் கூட்டத்தோடு கயிறு தாண்டினாளே. சட்டை நனைய வேர்த்ததே. அதெல்லாம் எங்கே போயிற்று?

தராசு ரிப்பேராக இருக்குமோ என்று கேட்டுப் பார்த்தாள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி வைத்துக் காட்டினார். முள் இருபதில் போய் நின்றது.

எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்தது. ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், ஈரலில் கொழுப்பு என்றார் டாக்டரம்மா. தினமும் வேர்க்க வேர்க்க விளையாடட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், அப்போதும் சரியாகாவிட்டால் மாத்திரை என்றார். எடையைப் பற்றி அவர் பேசியதாக வாண்டுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் நிறுத்து விற்கிற குடும்பம் எதையாவது தராசில் வைக்காமல் நம்புமா?

மூன்று மாதம் உழைத்தும் ஒரு கிராம்கூடத் தேறாத வியாபாரத்தை இழுத்து மூடுவதுதான் புத்திசாலித்தனம் என்று அப்பா முடிவு செய்தார். வாண்டுவின் கயிற்றை வாங்கிச் சுருட்டி, விற்பனைக் கயிறுகளோடு மாட்டினார். இனி கயிறு கிடையாது. ராத்திரிச் சாப்பாடும் பாதிதான்.

"தாண்டினது இவ, இளைச்சது கயிறு," என்றான் அண்ணன்.

வாண்டு கல்லாப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதல் வாரம் இருபதாவது தாண்டலில் தடுக்கி விழுந்தவள், இப்போது நூற்றைம்பது தாண்டுகிறாள். முன்பெல்லாம் மூன்றாம் மாடியில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு ஏற வழியில் இரண்டு முறை உட்காருவாள். இப்போது ஒரே மூச்சு. ஏதோ மாறியிருக்கிறது. தராசோ ஒன்றுமே மாறவில்லை என்கிறது. யாரை நம்புவது?

அப்போது ஒரு தச்சர் ஆணி வாங்க வந்தார். அப்பா சின்னத் தராசில் ஒரு கிலோ நிறுத்தார். தச்சர் கையில் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட்டு, துருப்பிடித்தது வேண்டாம் என்றார். அப்பா வேறு டப்பாவிலிருந்து புது ஆணி அள்ளினார். அதுவும் ஒரு கிலோ. முள் அதே இடத்தில் நின்றது.

வாண்டு எழுந்துவிட்டாள்.

"அப்பா, ரெண்டும் ஒரு கிலோதானே? அப்புறம் ஏன் மாத்திக் கேட்டார்?"

"துரு தராசுல தெரியாதும்மா. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்போ என்னை மட்டும் ஏன் தராசை வச்சு முடிவு பண்றீங்க?"

தச்சர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. தன் கடையிலேயே தன்னை ஒருத்தி மடக்கிவிட்ட முகம் அவருக்கு.

விட்டால் கிடைக்காது என்று வாண்டு பேரத்தைத் தொடங்கினாள். டாக்டரம்மா மறுபடி பரிசோதிக்கும்வரை கயிறும் வேண்டும், முழுச் சாப்பாடும் வேண்டும் என்றாள். அப்பா மூன்று நாள் தருகிறேன் என்றார். அவள் பத்து கேட்டாள். ஒரு வாரத்தில் படிந்தது.

அந்த வாரக் கடைசியில் டாக்டரம்மா பரிசோதனைத் தாளைப் புரட்டினார். சர்க்கரை சரியான அளவுக்கு இறங்கியிருந்தது. ஈரல் கொழுப்பும் குறைந்திருந்தது. மாத்திரை வேண்டாம் என்றார்.

"எடை குறையலையே டாக்டர்?" என்றார் அப்பா.

"நான் எடையைக் கேக்கவே இல்லையே," என்றார் டாக்டரம்மா. "வளர்ற பிள்ளை, உயரம் கூடுது, தசை பலமாகுது. உள்ளே நடக்கிற நல்லது தராசுக்குத் தெரியாது. விளையாட்டை மட்டும் நிறுத்திடாதீங்க."

வீடு வரும்வரை அப்பா தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அதே நாற்பத்தெட்டு, ஆனால் அது வேறு நாற்பத்தெட்டாம். அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

வாண்டு மூன்றாம் மாடிக்கு ஒரே ஓட்டமாக ஏறினாள். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அவள் இறங்கி வந்தாள். தச்சர் ஆணியைப் பார்த்த மாதிரியே அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் துரு இருக்குப்பா. நாளைக்குச் சாயங்காலம் வாங்க. கயிறு நான் சுத்தறேன்."