கொதிகலன் அறைக்கு இரண்டாவது ஆள்

இந்தக் காலத்து ஜனங்கள், பக்கத்தில் மனிதன் உட்கார்ந்துவிடக் கூடாதென்று பையை உட்கார வைக்கிறார்கள். தொழிலாளர் நீதிமன்ற வராந்தாவிலும் அப்படித்தான். வெளியே மழை... பெஞ்சில் ஒருத்தி, பக்கத்தில் அவள் பை.

“பைக்கும் சம்மன் வந்திருக்கா?” என்றார், ஆலையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர்காரர்.

நிமிர்ந்தாள். தூக்கம் கெட்ட கண்கள்தான். ஆனாலும் மழை வெளிச்சம் அதில் கொஞ்சம் நின்று போனது...

“இந்தக் குரல்... லைன் சரியா இருக்கான்னு தினம் கேக்கறவருதானே நீங்க?”

அவருக்குக் காது சூடேறியது. ஆலையின் டெலிபோன் ஆபரேட்டர். இத்தனை வருஷம் வெறும் குரலாக இருந்தவள்.

வழக்கே அவர் அறையைப் பற்றியதுதான். கொதிகலன் அறைக்கு ஷிப்டுக்கு இரண்டு பேர் என்பது சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். நிர்வாகம் ஓர் ஆளை எடுத்துவிட்டு ஒரு போனை வைத்தது. போன் இருக்கும்போது ஆள் எதற்கு என்று வாதாடியது. இவர் சங்கத்தின் சாட்சி. அவள் நிர்வாகத்தின் சாட்சியாம். பை நகர்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர், அது தெரிந்ததும் எழுந்துவிட்டார். தன் வாயைக் கிளற இவளை அனுப்பியிருக்கிறார்கள்...

கூண்டில் அவளிடம் போன் எப்போதும் வேலை செய்ததா என்று கேட்டார் நிர்வாக வக்கீல். செய்தது என்றாள். கேட்காததையும் சொன்னாள்.

“லைன்ல ஒரு நாளும் கோளாறு இல்லைங்க. அவருக்கும் அது தெரியும். பேச ஆளில்லாமத்தான் கூப்பிடுவாரு. அவரு மயங்கி விழுந்தா, போனை எடுக்க அங்க யாரு இருக்கா?”

வக்கீலின் முகம் சுண்டியது. பாய்லர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி போனபின் வீட்டிலும் அவரிடம் பேச நாதியில்லை. அதைச் சபையில் போட்டு உடைத்துவிட்டாளே...

அடுத்த மாதம், ஒப்பந்தம் செல்லும், இரண்டாவது ஆளைப் போடு என்று தீர்ப்பானது. சங்கத்தார் அவர் தோளைத் தட்டினார்கள். அவரோ வாசல் பக்கம் பார்த்தார். துணைக்கு ஆள் வந்தபின் எந்தச் சாக்கில் அவளைக் கூப்பிடுவது?

வாசலில் நின்றிருந்தாள். சாட்சி சொன்ன கோபத்தில் அவளைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்களாம். இனி போனில் வேறு குரல்தான்.

“எதுக்குச் சொன்னீங்க?” என்றார்.

“ஆள் வந்துட்டா கூப்பிட மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். உங்களுக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது... எனக்கும் பேச வேற யாரு இருக்கா? உங்களைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்.”

அவள் கண்களில் சூது தேடினார். கிடைக்கவில்லை... கிடைக்காததுதான் அவரை மிரட்டியது. காரியமில்லாமல் ஒருத்தி ஒருவனை விரும்புவாளா? அதுவும் கரி அப்பிய இந்த முகத்தை?

யோசிக்கணும் என்றார். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் யோசியுங்கள் என்றாள் அவள்.

அன்றும் பெய்த மழையில் இறங்கி நடந்தார். பஸ் நிறுத்தம் பின்னால் போய்விட்டதுகூடத் தெரியாமல், அப்போதும் நம்பாமல், நடந்துகொண்டே இருந்தார்.